வாசகர் கேள்வி – பதில்: பயிற்சி முடிந்ததும் சைக்கிள் செயலி கேட்கிறது, என்ன பதில் சொல்வது?

வீட்டுக்குள் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு அன்றாடப் பயிற்சியைத் தானே தேர்ந்து கொடுக்கும் செயலிகளைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. பரிந்துரை சரியில்லை என்ற குறைதான் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. ஆனால் அவற்றைச் சேர்த்து வைத்துப் படித்தால், செயலி கேட்கும் கேள்விக்கு வாசகர்கள் என்ன பதில் தருகிறார்கள் என்பதையும் அதே அளவுக்குக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஒத்த கேள்விகளை ஒன்றாக்கிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஸ்மார்ட் டிரெய்னரில் (சைக்கிளைப் பொருத்தி வீட்டுக்குள் மிதிக்க உதவும், தடையைத் தானே மாற்றும் கருவி) பயிற்சியை முடித்தவுடன் "இன்றைக்கு எப்படி இருந்தது?" என்று செயலி கேட்கிறது. "எளிது" என்பதில் தொடங்கி "முழுச் சக்தியும் தீர்ந்தது" என்பது வரை ஐந்து பதில்கள் திரையில் வருகின்றன. வியர்வையைத் துடைக்கும் அவசரத்தில் நடுவில் இருப்பதை அழுத்திவிட்டு இறங்கிவிடுவேன். நான் மிதித்த வாட், இதயத்துடிப்பு, மிதிவேகம் எல்லாம் அதனிடம் இருக்கும்போது என்னைத் தனியாகக் கேட்பானேன்?

பதில்: வாட் அதனிடம் இருப்பது உண்மைதான். ஆனால் எர்க் முறையில் மிதிக்கும்போது அந்த வாட் உங்களைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. அந்த முறையில் நீங்கள் வேகமாக மிதித்தாலும் மெதுவாக மிதித்தாலும், டிரெய்னர் தன் தடையைக் கூட்டியும் குறைத்தும் குறித்த வாட்டிலேயே உங்களை நிறுத்திவைக்கிறது. எட்டு நிமிட இன்டர்வல்கள் (இடையிடையே ஓய்வு விட்டுக் கடுமையாக மிதிக்கும் கட்டங்கள்) நான்கு, ஒவ்வொன்றும் 220 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நான்காவதை முடித்துவிட்டு, இன்னும் இரண்டு செய்திருக்கலாமே என்று நினைக்கிறார். இன்னொருவர் கடைசி நிமிடத்தில் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு, மீதமிருக்கும் நொடிகளை மட்டும் பார்த்தபடி எப்படியோ கரைசேர்கிறார். இருவர் திரையிலும் 220 வாட்டில் அதே நேர்கோடுதான் ஓடியிருக்கும்; பயிற்சி முழுமையடைந்தது என்ற பச்சைக் குறியும் இருவருக்கும் விழுந்திருக்கும். இதயத்துடிப்பு ஓரளவு வேறுபாட்டைக் காட்டும் என்றாலும், அறையின் வெப்பம், தூக்கக் குறைவு, மன உளைச்சல், உடலில் நீர் குறைந்திருப்பது என்று எல்லாவற்றுக்கும் அசைந்து கொடுப்பது அது. ஆகவே அடுத்த வாரம் முதலாமவருக்கு 230 வாட்டும் இரண்டாமவருக்கு அதே 220 வாட்டும் கொடுக்க வேண்டும் என்று முடிவுசெய்யச் செயலிக்குக் கிடைக்கும் சான்றுகளில், நீங்கள் அவசரத்தில் அழுத்தும் அந்தப் பொத்தானுக்கு ஈடானது வேறில்லை.

உணர்ந்த சிரமத்தை எண்ணாக்கிப் பார்ப்பது செயலிகள் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் இதற்கென்று 6 முதல் 20 வரையிலான அளவுகோலை வகுத்தார். ஓய்வில் ஏறத்தாழ 60ஆகவும் உச்சத்தில் 200ஆகவும் இருக்கும் இளம் வயதினரின் இதயத்துடிப்பைப் பத்தால் வகுத்தால் வரும் எண்கள் அவை. பிறகு அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் இன்னும் எளிய வழி ஒன்றைப் பரப்பினார். பயிற்சி முழுவதற்கும் சேர்த்துப் பத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்து, அதைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்கிக்கொள்வதுதான் அந்த வழி. ஒரு மணி நேரப் பயிற்சிக்கு 7 என்று நீங்கள் சொன்னால், அன்றைய சுமை 420. இந்த முறையில் வழக்கமாகப் பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்தே மதிப்பெண் கேட்பார்கள் என்பதைக் கவனியுங்கள். கடைசி இன்டர்வல் கடுமையாக இருந்தால் முழுப் பயிற்சியும் கடுமையாக இருந்ததாகவும், கடைசிப் பத்து நிமிடம் இலகுவாக மிதித்து முடித்தால் எல்லாமே இலகுவாக இருந்ததாகவும் பயிற்சி முடிந்த உடனே தோன்றும். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, உடை மாற்றிவிட்டு வந்து பதிலளிப்பது நல்லது. செயலி உடனடியாகக் கேட்டே தீருமானால், பதிலைப் பின்னர் திருத்த இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள்.

செயலி உங்கள் பதிலை என்ன செய்கிறது என்பது செயலிக்குச் செயலி மாறும். டிரெய்னர்ரோட் என்ற செயலி 2021இல் கொண்டுவந்த முறையில், இலகுவான தாங்குதிறன், மிதமான டெம்போ, ஒரு மணி நேரம் தாங்கும் எல்லையை ஒட்டிய த்ரெஷோல்டு, அதற்கும் மேலே சில நிமிடமே தாங்கும் விஓ2 மேக்ஸ் என்று ஒவ்வொரு தீவிர வகைக்கும் தனித்தனியாக 1 முதல் 10 வரை ஒரு நிலை எண் உண்டு. நீங்கள் முடித்த பயிற்சியும் அதற்கு நீங்கள் தந்த பதிலும் சேர்ந்து அந்த எண்ணை ஏற்றவோ இறக்கவோ செய்யும். வரும் வாரங்களின் பயிற்சிகள் அதற்கேற்ப மாறும். எப்போதும் நடுப் பொத்தானையே அழுத்துகிறவர், தனக்கும் தன் செயலிக்கும் நடுவே இருந்த ஒரே பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: நானும் கணவரும் ஒரே செயலியைப் பயன்படுத்துகிறோம். த்ரெஷோல்டு பயிற்சியை முடித்துவிட்டு நான் "கடினம்" என்று பதிவுசெய்தால், "அதைக் கடினமாக இருக்கத்தானே வடிவமைத்திருக்கிறார்கள், எதிர்பார்த்தபடிதானே இருந்தது, நடுத்தரம் என்று போடு" என்கிறார். அவரோ எதைச் செய்தாலும் "எளிது" என்றே போடுகிறார். எங்களில் யார் செய்வது சரி? ஒரு சின்னச் சங்கதி, பணம் மிச்சம் என்று இருவரும் ஒரே கணக்கில்தான் மிதிக்கிறோம்.

பதில்: சின்னச் சங்கதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது சின்னது அல்ல. இருவர் ஒரே கணக்கில் மிதித்தால், உலகிலேயே இல்லாத ஒரு மூன்றாவது மனிதருக்குச் செயலி பயிற்சி திட்டமிடுகிறது. உங்கள் வாட்டும் அவருடைய வாட்டும், உங்கள் களைப்பும் அவருடைய களைப்பும் கலந்த ஒருவர் அவர். அந்தப் பரிந்துரை உங்கள் இருவருக்கும் பொருந்தாது. ஒருவராவது வேறு கணக்குக்கு மாறியே ஆக வேண்டும்.

"கடினம்" விஷயத்தில் நீங்கள் செய்வதுதான் சரி. எதிர்பார்த்ததோடு ஒப்பிடும் வேலை செயலியுடையது. எஃப்டிபியில் (ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட்) 95 முதல் 100 விழுக்காட்டில் நீண்ட இன்டர்வல்கள் கொடுக்கும்போது பெரும்பாலோர் "கடினம்" என்பார்கள் என்று அது முன்கூட்டியே கணித்து வைத்திருக்கும். நீங்களும் "கடினம்" என்றால், எல்லாம் திட்டப்படி நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். "மிகக் கடினம்" என்றால் நிறுத்திப் பார்க்கும். நீங்களே மனத்துக்குள் ஒருமுறை ஒப்பிட்டு "நடுத்தரம்" என்று சொன்னால், ஒரே கழித்தல் இருமுறை நடந்துவிடுகிறது. விளைவாக, அடுத்த பயிற்சி தேவைக்கு மேல் கனமாக வரும்.

பொத்தான்களுக்கு நிலையான பொருள் ஒன்றை வைத்துக்கொள்வது உதவும். இன்டர்வல் பயிற்சிகளில் நான் சொல்லித்தரும் அளவுகோல் ஒரு கேள்விதான்: கடைசி இன்டர்வல் முடிந்ததும், அதே வாட்டில் இன்னும் எத்தனை செய்திருக்க முடியும்? மூன்றுக்கு மேல் என்றால் எளிது, இரண்டு மூன்று என்றால் நடுத்தரம், ஒன்று என்றால் கடினம், பாதி என்றால் மிகக் கடினம், ஒரு நிமிடம்கூட முடியாது என்றால் முழுச் சக்தியும் தீர்ந்தது. இது நடைமுறைக்காக நான் வகுத்துக்கொண்டது. உங்கள் செயலி தன் பொத்தான்களுக்கு வேறு விளக்கம் தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். எஃப்டிபியில் 56 முதல் 75 விழுக்காட்டில் ஓடும் தாங்குதிறன் பயிற்சிக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அங்கே முழு வாக்கியமாகப் பேச முடிந்ததா என்று பாருங்கள். பேச்சு இடையில் அறுந்தால், திரையில் வாட் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றைக்கு அது எளிதாக இல்லை.

உங்கள் கணவருக்கு ஒரு செய்தி. "எளிது" என்று அழுத்துகிறவருக்குச் செயலி பதக்கம் எதுவும் தருவதில்லை, இன்னும் கனமான பயிற்சியைத்தான் தரும். சில வாரங்களில் முடிக்கவே முடியாத ஒரு பயிற்சி வந்து நிற்கும். அன்றைக்குச் செயலியைக் குறை சொல்வார். இதற்கு நேர் எதிரான ஒரு கூட்டமும் உண்டு. அடுத்தது கடினமாகிவிடுமோ என்று பயந்து எல்லாவற்றையும் "மிகக் கடினம்" என்று பதிவுசெய்பவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பயிற்சி எங்கும் நகராது. இரண்டில் முதல் வகையினரே எனக்கு அதிகம் எழுதுகிறார்கள்.

கேள்வி: ஒரு வாரம் காய்ச்சல். எழுந்த மறுநாளே செயலி விஓ2 மேக்ஸ் பயிற்சியைப் பரிந்துரைத்தது. மூச்சு முட்டிப் பாதியில் நிறுத்தினேன். அடுத்த இரண்டு பயிற்சிகளிலும் "மிகக் கடினம்" என்று பதிலளித்தேன். இப்போது உடம்பு நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் அது எனக்குத் தொடக்கநிலையாளர் பயிற்சிகளைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. முதலில் அதிகம் கொடுத்தது, பிறகு குறைவாகக் கொடுக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டு தவறுகளுக்கும் காரணம் ஒன்றே, நீங்கள் படுத்திருந்தது செயலிக்குத் தெரியாது.

பெரும்பாலான செயலிகளின் அடியில் இருக்கும் சுமைக் கணக்கு, 1970களில் எரிக் பானிஸ்டர் முன்வைத்த கருத்தின் வழிவந்தது. பயிற்சி ஒவ்வொன்றும் உடலில் இரண்டு தடங்களை விடுகிறது, மெல்ல வளர்ந்து மெல்லக் கரையும் உடற்திறன் ஒன்று, சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும் களைப்பு மற்றொன்று. செயலிகள் வழக்கமாக முதலாவதை 42 நாள் சராசரியாகவும் இரண்டாவதை 7 நாள் சராசரியாகவும் கணக்கிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, நீங்கள் எவ்வளவு புத்துணர்ச்சியோடு இருக்கிறீர்கள் என்று சொல்கின்றன. ஒரு வாரம் மிதிக்காமல் இருந்தால் 7 நாள் சராசரி கீழே விழுந்துவிடும், 42 நாள் சராசரி கொஞ்சம்தான் குறையும். ஆகவே காய்ச்சலில் கிடந்தவரும், போட்டிக்கு முன் திட்டமிட்டு ஓய்வெடுத்தவரும் அந்தக் கணக்கின் கண்ணுக்கு ஒருவரே. ஓய்வு முடிந்தது, உடல் தயார் என்று அது கனமான பயிற்சியை எடுத்து நீட்டியதில் வியப்பில்லை.

பிறகு நீங்கள் தந்த "மிகக் கடினம்" என்ற பதிலில் பொய் ஒன்றுமில்லை, ஆனால் அதில் காரணம் இல்லை. சிரமம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி, சிரமம் எதனால் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் பிரித்துக் கேட்காத செயலி, எல்லாச் சிரமத்தையும் உடற்திறன் குறைந்ததாகவே படித்துக்கொள்ளும். பயிற்சி பாதியில் நின்றால் காரணம் கேட்கும் செயலிகளும் இருக்கின்றன. தீவிரம் தாங்கவில்லையா, களைப்பா, நோயா, நேரம் போதவில்லையா, கருவியில் கோளாறா என்று கேட்கும் அந்தத் திரையை "பிறகு" என்று தள்ளிவிடுவது நம் வழக்கம். என்னைக் கேட்டால், ஐந்து பொத்தான் கேள்வியைவிட மதிப்பு மிக்கது அதுதான். நோய் என்று குறித்திருந்தால், அந்தத் தோல்வியை உங்கள் நிலை எண்ணோடு சேர்க்காமல் விட அதற்கு வாய்ப்பு இருந்திருக்கும். நாட்காட்டியில் நோய் விடுப்பு குறிக்கும் வசதி உங்கள் செயலியில் இருந்தால், படுக்கையில் இருக்கும்போதே குறித்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பரிந்துரைத்த பயிற்சிக்குப் பதிலாக, அதே வகையில் ஒரு படி கூடுதலான பயிற்சி ஒன்றை நீங்களே எடுத்துச் செய்யுங்கள். அது நன்றாக முடிந்தால், உண்மையான பதிலைப் பதியுங்கள். முடிந்த பயிற்சிகளைப் பார்த்துச் செயலி மேலே வந்துவிடும். முன்பு "மிகக் கடினம்" என்றதை ஈடுகட்ட இப்போது எல்லாவற்றையும் "எளிது" என்று போடும் யோசனை உங்களுக்கு வந்திருக்கும், வேண்டாம். ஒரு தவறான பதிவை இன்னொரு தவறான பதிவு நேர்ப்படுத்தாது, எப்போது நிறுத்துவது என்பதும் உங்களுக்கே தெரியாமல் போய்விடும். காய்ச்சல் இருக்கும்போதும், நெஞ்சுச் சளியோடு இருமல் இருக்கும்போதும், எந்தச் செயலி எதைப் பரிந்துரைத்தாலும் தீவிரப் பயிற்சி கூடாது.

கேள்வி: கடைசி இன்டர்வலில் கால் சற்றே தளர்ந்தால் போதும், பெடல் சிமெண்டில் புதைந்தாற்போல் இறுகிவிடுகிறது. செயலி "தோல்வி" என்று எழுதுகிறது. எனக்கு இன்னும் தெம்பு இருந்தது என்று எப்படிச் சொல்வது?

பதில்: இது எர்க் முறையின் பழைய வியாதி. வாட் என்பது பெடலைத் திருகும் விசையும் மிதிவேகமும் சேர்ந்த பெருக்கல். 250 வாட்டை நிமிடத்துக்கு 90 சுற்றில் மிதிக்க ஏறத்தாழ 26.5 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை போதும். அதே 250 வாட்டை 50 சுற்றில் மிதிக்க 47.7 வேண்டும். நீங்கள் தளர்ந்து 80 சுற்றுக்கு வந்தவுடன் டிரெய்னர் தடையைக் கூட்டுகிறது. தடை கூடியதால் 70க்கு வருகிறீர்கள். அது இன்னும் கூட்டுகிறது. சில நொடிகளில் எல்லாம் நின்றுவிடும்.

சில வழிகள் உண்டு. இன்டர்வல் தொடங்குவதற்கு ஐந்தாறு நொடி முன்பே மிதிவேகத்தை 95 வாக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள். தளர்வது தெரிந்தவுடன், இறுகும் வரை காத்திருக்காமல், செயலியில் தீவிரத்தை 3 அல்லது 5 விழுக்காடு குறைத்துவிடுங்கள். குறுகிய, கடும் இன்டர்வல்களுக்கு எர்க்கை அணைத்துவிட்டு, வாட்டுக்கேற்பத் தடையை மாற்றாத ரெசிஸ்டன்ஸ் முறையில் கியர் மாற்றி மிதிப்பது எனக்குப் பிடித்தமான வழி, ஏனென்றால் அப்போது நீங்கள் உண்மையில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது வரைபடத்தில் விழுகிறது. தீவிரத்தைக் குறைத்து முடித்த பயிற்சியில் செயலிக்கு ஏமாற்று ஏதும் இல்லை. மிதித்த வாட்டை அது பார்க்கிறது. அந்த வாட் எப்படி இருந்தது என்று மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.

கேள்வி: சோதனை எதுவும் வைக்காமலே என் எஃப்டிபியை 240இலிருந்து 251 வாட்டாக உயர்த்திவிட்டதாகச் செயலி வாழ்த்துச் சொன்னது. மகிழ்ந்தேன். அதன்பின் ஒரு விஓ2 மேக்ஸ் பயிற்சியைக்கூட முழுமையாக முடிக்க முடியவில்லை. வெறும் 11 வாட் இவ்வளவு செய்யுமா? செயலி தவறா, நான் சோம்பேறியா?

பதில்: 11 வாட் நிச்சயமாக அவ்வளவு செய்யும். எஃப்டிபி என்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட் என்பதும், மற்ற எல்லாப் பயிற்சிகளும் அதன் விழுக்காடாகவே வருகின்றன என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 115 விழுக்காட்டில் ஓர் இன்டர்வல் என்றால், முன்பு 276 வாட், இப்போது 289. உங்கள் உண்மையான வரம்பு இன்னும் 240 என்று வைத்துக்கொண்டு, கிரிட்டிகல் பவர் என்ற கணக்கின்படி பார்ப்போம். அதன்படி, வரம்புக்கு மேலே செலவழிக்க ஒவ்வொருவருக்கும் ஓர் ஆற்றல் இருப்பு உண்டு. உங்களுக்கு அது 15,000 ஜூல் என்று கொள்வோம். 276 வாட்டில் வரம்புக்கு மேலே நொடிக்கு 36 ஜூல் செலவு, இருப்பு 7 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். 289 வாட்டில் நொடிக்கு 49 ஜூல் செலவு, 5 நிமிடத்தோடு தீர்ந்துவிடும். எஃப்டிபி ஏறியது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு; தாங்கும் நேரத்தில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது.

எனவே உங்களைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். செயலி தவறு என்று முடிவு கட்டுவதற்கு முன்பு ஒன்றைச் சரிபாருங்கள்: வாட்டை அளக்கும் கருவி இடையில் மாறியதா? புதிய பவர் மீட்டர் வாங்கினீர்களா, டிரெய்னரின் வாட்டுக்குப் பதிலாகப் பெடலின் வாட் பதிவாகிறதா, சக்கரத்தை உருளையில் அழுத்தும் வகை டிரெய்னர் என்றால் டயரின் காற்றழுத்தமும் அழுத்தத் திருகும் முன்போலவே இருக்கின்றனவா, கடைசியாக எப்போது அளவீட்டைச் சரிசெய்தீர்கள்? நல்ல கருவிகள் இரண்டுக்கிடையிலேயே சில விழுக்காடு வேறுபாடு இருக்கலாம். 240க்கு 251 என்பது அந்த அளவுக்குள் அடங்கிவிடக்கூடிய ஏற்றம்.

கருவி மாறவில்லை என்றால், செயலியின் மதிப்பீடு உங்களுக்குப் பொருந்தாமல் போயிருக்கலாம். சோதனை வைத்தாலும் வருவது மதிப்பீடுதான் என்பதை மறக்க வேண்டாம். 20 நிமிடச் சோதனையில் சராசரி வாட்டின் 95 விழுக்காட்டையும், படிப்படியாக ஏறும் ரேம்ப் சோதனையில் கடைசியாகத் தாங்கிய சிறந்த ஒரு நிமிட வாட்டின் 75 விழுக்காட்டையும் எஃப்டிபி என்று எடுத்துக்கொள்கிறார்கள். குறுகிய நேரத்தில் வெடித்துக் கிளம்பும் ஆற்றல் மிக்கவருக்கு ரேம்ப் சோதனை கூடுதலான எண்ணைத் தந்துவிடும்; நீண்ட நேரம் ஒரே சீராக மிதிக்கும் வலுவுள்ளவருக்குக் குறைத்துத் தரும். தானியங்கி மதிப்பீடு எந்தப் பயிற்சிகளைப் பார்த்துக் கற்றதோ, அவற்றின் சாய்வு அதிலும் இருக்கும்.

நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில், 245 வாட் வாக்கில் 30 நிமிடம் மிதித்துப் பாருங்கள். சிரமப்பட்டும் சீராக முடிகிறது என்றால் செயலி சொல்வது அருகில்தான் இருக்கிறது, உங்கள் சிக்கல் விஓ2 மேக்ஸ் வகைப் பயிற்சியில் மட்டும். பதினைந்தாவது நிமிடத்திலேயே மூச்சு தறிகெட்டால், எஃப்டிபியைக் கையால் 240க்கு மாற்றிவிடுங்கள். வாழ்த்துச் செய்தியைத் திருப்பிக் கொடுக்க மனம் வராதுதான். ஆனால் உயர்ந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பயிற்சியிலும் தோற்பது, அதைவிட மோசமான பழக்கத்தில் கொண்டுபோய்விடும்.

கேள்வி: வெளியே சாலையில் 200 வாட் எனக்கு விளையாட்டு. வீட்டுக்குள் அதே 200 வாட்டில் இதயம் துடிதுடிக்கிறது. "கடினம்" என்று பதிலளித்தால் செயலி பயிற்சியைக் குறைக்கிறது. நான் எதைச் சொல்வது?

பதில்: முதலில் மின்விசிறியைச் சரிசெய்யுங்கள், பதிலைப் பிறகு பார்க்கலாம். உங்கள் உடல் செலவழிக்கும் ஆற்றலில் கால் பங்கு அளவுக்கே பெடலுக்குப் போகிறது. மீதி உடலுக்குள் வெப்பமாகிறது. 200 வாட் மிதிப்பவர் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். சாலையில் எதிர்க்காற்று அதைச் செய்கிறது. மூடிய அறையில் வியர்வை உலராமல் சொட்டுகிறது, தோலுக்குக் கூடுதல் ரத்தம் போகிறது, நீரிழப்பும் சேர்ந்துகொள்கிறது, வாட் மாறாமலே இதயத்துடிப்பு நிமிடத்துக்கு நிமிடம் ஏறுகிறது. முகத்துக்கு மட்டும் வீசும் மேசை விசிறி போதாது. நெஞ்சும் முதுகும் குளிரும்படி வலுவான காற்று வேண்டும். விசிறியைப் போட்ட பிறகும் கடினமாக இருந்தால், "கடினம்" என்றே சொல்லுங்கள். வீட்டுக்குள் மிதிக்கப்போகும் பயிற்சியை, வீட்டுக்குள் மிதித்த அனுபவத்தை வைத்துத் திட்டமிடுவதில் தவறு ஏதுமில்லை. உள்ளே ஓர் எஃப்டிபி, வெளியே ஓர் எஃப்டிபி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

இதையொட்டி இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார்: ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர், இதயத்துடிப்பைப் பார்த்துப் பரிந்துரைக்கும் செயலியைப் பயன்படுத்தலாமா? அந்த மாத்திரை இதயத்துடிப்பை உயர விடாது என்பதால், அதை நம்பும் பரிந்துரை, கடும் பயிற்சியை இலகுவானது என்று தவறாகப் படிக்கும். வாட்டையும் உணர்ந்த சிரமத்தையும் மட்டும் கொள்ளும்படி செயலியை அமைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தீவிரம் வரை போகலாம் என்பதை உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு பயிற்சிக்கும் கீழே குறிப்புப் பெட்டியில் விரிவாக எழுதுகிறேன். தூக்கம் இல்லை, தொடை வலி, மூன்றாவது இன்டர்வல் மட்டும் அதிகம் என்றெல்லாம். பரிந்துரையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. நிறுவனத்துக்கும் எழுதினேன், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது. யாராவது படிக்கிறார்களா?

பதில்: குறிப்புப் பெட்டியில் எழுதுவதைப் பரிந்துரைக் கணக்கு படிக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பல செயலிகளில் அது உங்களுக்கும், உங்கள் பயிற்சியாளர் இருந்தால் அவருக்கும் மட்டுமானது. கணக்கை அசைப்பவை பொத்தான்கள், காரணத் திரை, நாட்காட்டிக் குறிகள், மிதித்த வாட் ஆகியவையே. எனவே "தூக்கம் இல்லை" என்பதைக் குறிப்பில் எழுதியதோடு நிற்காமல், அன்றைய பயிற்சியை மிதிப்பதற்கு முன்பே இலகுவானதாக மாற்றிவிடுங்கள். அப்படி மாற்றுவதும் செயலிக்கு நீங்கள் தரும் பதில்தான். குறிப்புகளை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டு மாதக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால், மூன்றாவது இன்டர்வலில் தளர்வது தீவிரத்தாலா, சாப்பிடாமல் ஏறியதாலா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

சில செயலிகளில் பயிற்சிக்கு நட்சத்திர மதிப்பீடும் கேட்பார்கள். பிடித்திருந்ததா என்பதற்கும் கடினமாக இருந்ததா என்பதற்கும் தொடர்பில்லை. வெறுப்போடு செய்த பயிற்சி எளிதாக இருந்திருக்கலாம். அந்த நட்சத்திரங்களின் சராசரியைப் பார்த்துப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முடிக்க முடியாமல் பாதியில் இறங்கியவர்களில் பலர் மதிப்பிடாமலே போய்விடுவார்கள், முடித்தவர்களின் மகிழ்ச்சியே சராசரியாக நிற்கும்.

நிறுவனத்துக்கு எழுதும் முறையைப் பொறுத்தவரை, உங்கள் கடிதத்தின் நகலைப் பார்த்தேன். "உங்கள் பரிந்துரைகள் எனக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை" என்பதை வைத்து ஒரு பொறியாளர் எதையும் தேட முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "இந்தத் தேதியில் இந்தப் பெயருடைய பயிற்சி பரிந்துரைக்கப்பட்டது. முந்தைய வாரம் இதே வகையில் இரண்டு பயிற்சிகளைப் பாதியில் நிறுத்திக் காரணமாகத் தீவிரத்தைக் குறித்திருந்தேன். நிலை இறங்கும் என்று எதிர்பார்த்தேன், ஏறியிருக்கிறது. என் டிரெய்னரும் செயலியின் பதிப்பும் இவை." எதிர்பார்த்தது, நடந்தது, எப்போது, எந்தக் கருவியில் என்ற நான்கும் இருக்கும் கடிதத்துக்கு நன்றி மட்டும் சொல்லி அனுப்புவது எந்த நிறுவனத்துக்கும் கொஞ்சம் கடினம்.

கேள்வி: முழங்கால் முன்புறம் வலிக்கிறது. செயலியில் எந்தப் பொத்தானை அழுத்துவது?

பதில்: எதையும் அல்ல. தசை எரிவதும் மூட்டு வலிப்பதும் அந்த ஐந்து பொத்தான்களுக்கு ஒன்றுதான், அதனால் "மிகக் கடினம்" என்று அழுத்தினால் வாட் குறையுமே தவிர வலிக்கான காரணம் அப்படியே இருக்கும். பயிற்சியை நிறுத்துங்கள். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் முன்புறம் வலிப்பது வழக்கம் என்பதால், அதன் உயரத்தையும் முன்பின் இடத்தையும் முதலில் பாருங்கள். எர்க் முறையில் தாழ்ந்த மிதிவேகத்தில் நீண்ட நேரம் மிதித்தீர்களா என்பதையும் பாருங்கள். சில நாள் ஓய்வுக்குப் பிறகு, நிமிடத்துக்கு 90 சுற்றுக்குக் குறையாமல் இலகுவாக மிதிக்கும்போதும் வலித்தால், இயன்முறை மருத்துவரிடம் போங்கள். மிதிக்கும்போது நெஞ்சில் வலியோ அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் ஓய்வெடுத்துப் பார்க்கக் கூடாது, உடனே மருத்துவ உதவி தேட வேண்டும்.